வார்னிஷ் திருடிய தேனீக்கள்

வயலின் செய்யும் மலையூரான மிட்டன்வால்டில் வெயில் அடித்தால், வார்னிஷ் காய வீட்டுக்கு வீடு கொடியில் வயலின்கள் தொங்கும். துணி காயப்போட இடம் இருக்காது. கோர்பீனியன் வயலின் செய்ய, அவன் மனைவி க்ரெஸென்ஸ் வார்னிஷ் பூசுவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் சென்ஸிதான்.

கோர்பீனியன் பனிச்சரிவில் சிக்கிச் செத்த பிறகு வியாபாரி ரீகர் வந்தார். ஊர் வயலின்களை மொத்தமாக வாங்கி வெளியூரில் விற்பவர்.

"மத்தவங்க செஞ்ச வயலின்களை அனுப்புறேன். நீ வார்னிஷ் மட்டும் பூசிக் குடு. ஒரு கீறல் இருந்தாலும் அடுத்த சரக்கு வேற வீட்டுக்குப் போயிரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதம்மா."

க்ரெஸென்ஸுக்கு வேறு தொழில் தெரியாது. தலையாட்டினாள்.

முதல் பூச்சு காய்வதற்குள் வயலின்களின் மேல்பலகையில் பொடிப்பொடியாகச் சுரண்டல்கள். வார்னிஷ் இளகலாகிவிட்டதோ என்று பிசினைக் கூட்டிக் காய்ச்சி மறுபடி பூசினாள். முன்னைவிட மோசமானது. எரிச்சலோடு கொடிக்கடியிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு தேனீ வந்து வயலினில் இறங்கியது. வாயால் வார்னிஷைச் சுரண்டிப் பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு வேலி தாண்டிப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"அலோய்ஸு! உன் தேனீ என் வார்னிஷைத் திருடுது!"

பக்கத்து வீட்டு அலோய்ஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"வயலின்ல தேன் இருக்கா சென்ஸி? சொல்லவே இல்லியே! நானும் ஒண்ணை நக்கிப் பாக்குறேன்."

"நக்குவ, நக்குவ. மொதல்ல கூட்டுப் பெட்டியத் தொற."

திறந்தான். பெட்டியின் இடுக்கெல்லாம் அவள் காய்ச்சிய அதே செம்பழுப்பு நிறப் பிசினால் அடைபட்டிருந்தது. அலோய்ஸின் சிரிப்பு நின்றது.

"அடப்பாவிகளா! விரிசல் அடைக்க இதுகளுக்குப் பிசின் வேணும். காட்டுக்குப் போய் மரம் மரமா அலையறதுக, நீ பக்குவமா காய்ச்சி வச்சதை விடுமா?"

"பெட்டிய நகத்து."

"இப்ப நகத்துனா வெளிய போனதெல்லாம் பழைய எடத்துலயே சுத்திச் சாகும். நீ கொடிய நகத்து."

"வெயிலு என்ன என் பேச்சைக் கேட்டா அடிக்குது? என் முற்றத்துல அங்க மட்டுந்தான் விழுது."

அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பிசினைக் கூட்டிய பிறகுதானே கூட்டமும் கூடியது என்று க்ரெஸென்ஸ் யோசித்தாள். வெறும் பிசினை உருக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு விறகுக்கட்டையில் தடவி வேலியோரம் வைத்தாள். தேனீக்கள் அதில் மொய்த்தன. கொடிப் பக்கம் வரவில்லை. சுரண்டல் விழுந்த வயலின்களைப் நுரைக்கல் பொடியால் தேய்த்து மறுபடி பூசினாள்.

ரீகர் வந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் சிக்கவில்லை. வேலிப் பக்கம் முகத்தைச் சுளித்தார்.

"அந்தக் கட்டையில என்னம்மா இப்படி மொய்க்குது?"

"அது அலோய்ஸ் வீட்டு ஆளுங்களுக்குப் பூசினது. இதுதான் உங்களுக்கு."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் அடுத்த சரக்கை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்ததும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஒரு கட்டை பத்தலையாம் சென்ஸி!"

"உழைச்சுத் திங்கச் சொல்லு!" என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த விறகை எடுத்தாள்.

வயதாகிக் கண் மங்கும்வரை அந்த வார்னிஷ் வேலை அவள் வீட்டை விட்டுப் போகவில்லை.