என் மகளிடம் கேட்ட மன்னிப்பு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது மகளின் பள்ளிக்கூட மண்டபத்தில், ஆசிரியர்களோடு பெற்றோர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசும் நாளில், அத்தனை பேருக்கு நடுவில்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு சிட்னியில், லிட்கம்மில். மகளுக்குப் பதினான்கு வயது. ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் வந்து இருந்தாள். வரலாற்று வகுப்பில் அன்று அமெரிக்க அடிமைகளைப் பற்றிய ஒரு திரைப்படம் போட்டார்களாம். சங்கிலி, சாட்டை, ஏலம் எல்லாம் இருந்ததாம். படம் முடிந்து லைட்டைப் போட்டதும் முழு வகுப்பும் திரும்பி இரண்டு பேரைப் பார்த்ததாம். ஒருத்தி மகளின் உயிர்த்தோழி. அவளுடைய தாய் தகப்பன் கானாவிலிருந்து வந்தவர்கள். மற்றவள் என் மகள்.

"அதுக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"ஒருத்தி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள், அம்மா. சொறி எண்டாள்."

"எதுக்குச் சொறி?"

"ஸ்லேவரிக்கு."

ஐயோ! கையில் இருந்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டேன்.

"நீ ஒண்டும் சொல்லேல்லையா?"

"என்னத்தைச் சொல்லுறது? அவள் அழுதுகொண்டு நிக்கிறாள். இற்ஸ் ஓகே எண்டு சொன்னனான்."

இற்ஸ் ஓகேயாம்! ஒரு கண்டத்து மனிதர்களைக் கப்பலில் ஏற்றி விற்றதற்கு, யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குச் சிட்னியில் பிறந்த பிள்ளை மன்னிப்பு வழங்கிவிட்டு வந்திருக்கிறாள். அது மட்டுமா, மதியம் கன்ரீன் வரிசையில் இரண்டு பேரையும் முன்னுக்கு விட்டார்களாம். இன்னொருத்தி சொக்லேட் கொடுத்தாளாம். அடித்திருந்தால், பட்டப்பெயர் வைத்துப் பட்டம் தெளித்திருந்தால், யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பதென்று எனக்குத் தெரியும். இரக்கப்பட்டவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அடுத்த நாள் காலை, பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவள் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்: "அம்மா, என்ர முகம் பாவம் மாதிரியா இருக்கு?" வாய்க்கு வாய் காட்டும் என் பிள்ளை, கோயில் கலைவிழாவில் மைக்கை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை, தன் முகத்தை வேறு யாருடையதோ போலத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோழியின் நிலைமை இதைவிட மோசம். பள்ளிக்கூட நாடகத்தில் நீதிபதி வேடத்துக்கு அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். அவள் போய் விலகிவிட்டாள். மேடையில் ஏறினால் எல்லோருக்கும் அந்தப் படம்தான் ஞாபகம் வரும், நீதிபதி வராது என்று சொன்னாளாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாங்களும் நல்ல கறுப்பு. ஆனால் எங்கள் வீடுகளில் அது பேசப்படும் விதம் வேறு. "கறுப்பெண்டாலும் களையான பிள்ளை" என்று என் மகளைத் தூக்கிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அந்த 'எண்டாலும்' ஏன் என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. பிள்ளைக்கு வெயில் கிரீம் பூசும்போது நான் நினைத்தது தோல் புற்றுநோயை அல்ல, நிறத்தை. ஆபிரிக்கர்களைக் 'கறுவல்' என்று சொல்வதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாதாரணம். மகள்தான் கத்துவாள். "சும்மா ஒரு பேச்சுக்குத்தானே" என்று நான் சமாளிப்பேன்.

இத்தனையையும் மனத்துக்குள் வைத்துக்கொண்டுதான் அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போனேன். வரலாற்று ஆசிரியை சின்னப் பெண். நல்ல மனசு, முகத்தில் தெரிந்தது. படம் பார்த்த நாளிலிருந்து என் மகள் மௌனமாக இருப்பதாகவும், அவளுடைய உணர்வுகளை மதிப்பதாகவும் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னிடம் இருந்த நல்ல ஆங்கிலம் முழுவதையும் எடுத்து விட்டேன்.

"நீங்கள் தவறான பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க விட்டிருக்கிறீர்கள். என் மகள் ஆபிரிக்கப் பிள்ளை இல்லை. நாங்கள் அடிமையிலிருந்து வந்த ஆட்கள் இல்லை. காணி பூமியோடு வாழ்ந்தவர்கள், படித்தவர்கள். எங்கள் பரம்பரையில் ஒருவரும் ஒருவருக்கும் குனிந்ததில்லை."

ஆசிரியையின் முகம் சிவந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்த கதிரைகளில் மகளின் தோழியும் அவளுடைய தாயும் இருந்தார்கள். தாய் மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தா. தோழி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் இருந்த மகள் எழும்பி வெளியே போனாள்.

பாலர் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகள் ஒன்றாகத் திரிகிறார்கள். அந்தத் தாய் ஒரு நேர்ஸ். எனக்கு ஒப்பரேஷன் நடந்த வாரம் என் மகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவ. எங்கள் வீட்டு ரோல்ஸ் அவர்கள் வீட்டுக்குப் போகும், அவர்களுடைய தக்காளிச் சோறு இங்கே வரும். அந்த மனிசியின் முகத்துக்கு நேரே, நாங்கள் உங்களைப் போல இல்லை என்று சபை கூட்டிச் சொல்லியிருக்கிறேன். செருப்பைக் கழற்றி என் வாயில் நானே அடித்திருக்கலாம்.

கார் நிறுத்துமிடத்தில் அவவுக்காகக் காத்து நின்றேன். வந்தா. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினா. அவ ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் ஊரில் டொக்டரும் கறுப்பு, பாதிரியாரும் கறுப்பு, கள்ளனும் கறுப்பு. அதனால் கறுப்பு என்பது அங்கே ஒரு கதையே இல்லை. உன் மகளின் வயதில்தான் முதன்முதல் இப்படி ஒரு படம் பார்த்தேன். நல்ல படம். அழுதேன். வீட்டுக்கு வந்தால் அப்பா அயன் பண்ணின சேர்ட்டோடு இருந்து பேப்பர் படிக்கிறார். ஒரு கணம் அவரைச் சேர்ட் இல்லாமல், முதுகில் தழும்போடு கண்டேன். என் அப்பா ஒரு தலைமை ஆசிரியர். அவரை அப்படிப் பார்த்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை."

அவ விடவில்லை.

"எனக்காவது படத்துக்கு முதல் அப்பா இருந்தார். என் மகள் இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கு எங்கள் நினைவு வருவது எப்போதாவது ஒரு தடவை, அதுவும் முழங்காலில் நிற்கிறவர்களாக. மற்றப் பிள்ளைகள் அழுது முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் அதே முகத்தோடு நாளைக்கும் வர வேண்டும்."

"அப்போ இந்தப் படங்களை எடுக்கவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"எடுக்கட்டும், காட்டட்டும். நடந்ததுதானே. ஆனால் அது மட்டும்தானா நாங்கள்?" என்றா. பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "நீ உள்ளே சொன்னதை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். வந்த புதிதில் வார்டில் ஒரு கிழவர், உன் முன்னோர் அடிமைகளா என்று கேட்டார். இல்லை, நாங்கள் விற்கப்பட்ட ஆட்கள் இல்லை என்று ரோசத்தோடு சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், எங்கள் ஊரில் பிடித்து விற்றவர்களும் இருந்தார்கள். அப்போ விற்ற ஆட்களா?"

அவ கார்க் கதவைத் திறந்தா.

"நீ அந்தப் படத்தைப் பார்த்தாயா?"

"இல்லை."

"பார். பார்த்துவிட்டு வந்து மன்னிப்புக் கேள். இப்போது கேட்டால், உன் மகளைக் கட்டிப்பிடித்து அழுத பிள்ளை கேட்டது போலத்தான் இருக்கும்."

பார்க்காத படத்துக்காகத்தான் நான் இவ்வளவு ஆட்டம் ஆடியிருக்கிறேன்!

அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் தோழி வேறு மேசைக்குப் போய்விட்டாளாம். மகள் அதை என்னிடம் சொல்லவில்லை, தகப்பனிடம் சொல்லி அழுதாள். என்னோடு பேச்சே இல்லை. கேட்டதற்கு 'ஓம்', 'இல்லை'. சனிக்கிழமை நானே அவளுடைய அறைக்குள் போய், "அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டு" என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். "நாளைக்கு மத்தியானம்," என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்தபடி, "பாத்துப்போட்டு அன்ரி வீட்ட போவீங்களா?" என்று கேட்டாள்.

"போவன்."

"ஒழுங்காக் கதைப்பீங்களா? எனக்கு அவள் வேணும், அம்மா."

ஞாயிறு மத்தியானம் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு இருந்தோம். நான் கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நன்றாக அழுது, அந்தக் கண்ணீரோடு போய் மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். மகள் நிலத்தில் இருந்து படத்தைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தாள். அடித்தார்கள், அழுதேன். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தார்கள், விம்மினேன். எல்லாம் திட்டப்படி நடந்தது.

பாதிக்கு மேல் ஒரு காட்சி. காட்சி என்றுகூடச் சொல்ல முடியாது, ஏதோ கடந்து போகிற மாதிரி. பெரிய வீட்டின் பின்பக்கம். முதலாளியின் சின்ன மகள், எட்டு வயது இருக்கும், ஒரு தண்ணீர்க் கூசாவோடு படியில் வந்து நிற்கிறாள். கீழே வேலை செய்து களைத்த மனிதர் ஒருவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்துகிறார். அவள் மேலே இருந்து தண்ணீரை ஊற்றுகிறாள். பாத்திரம் அவருடைய கையில் படாமல், ஒரு துளி சிந்தாமல், கவனமாக ஊற்றுகிறாள். ஊற்றி முடிய, கெட்டிக்காரி என்பது போல் ஒரு சிரிப்பு. ஆள் உள்ளே போய்விடுகிறாள்.

"நிப்பாட்டு!" என்று கத்திவிட்டேன்.

மகள் பதறிப்போய் நிறுத்தினாள். "என்னம்மா? என்ன நடந்தது?"

அந்தக் கையை எனக்குத் தெரியும். அப்படித்தான் ஊற்ற வேண்டும், செம்பைக் கொஞ்சம் சரித்து, முழங்கையை உயர்த்தி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அது என் வேலை. வேலி அடைக்க, விறகு கொத்த ஒரு மனிதர் வருவார். கிணற்றைத் தொட அவருக்கு அனுமதி இல்லை, எங்கள் பாத்திரத்தையும் தொட முடியாது. பின்வாசலுக்கு வந்து, முற்றத்தில் குனிந்து கையேந்துவார். நான் ஊற்றுவேன். எட்டு வயதுப் பிள்ளையான என்னை அவர் 'நாச்சியார்' என்பார். என் அப்பாவைவிட வயது கூடின அவரை நாங்கள் 'டேய்' என்போம். சிந்தாமல் ஊற்றுகிறேன் என்று அம்மா என்னைப் புகழ்வா. எனக்குப் பெருமையாக இருக்கும்.

இதை நான் மறந்திருக்கவில்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. எப்போதும் ஞாபகம் இருந்த ஒன்றுதான். ஆனால் அடிமை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை நான் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் பரம்பரையில் ஒருவரும் குனிந்ததில்லை என்று ஆசிரியையிடம் சொன்னேனே. ஓம், உண்மைதான். குனிந்தவர் முற்றத்தில் நின்றார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் மாறிக்கொண்டு வந்தது.

"வெயிட். நீங்களா? நீங்களே ஊத்தினனீங்களா?"

"ஓம்."

"சின்னப்பிள்ளைதானே, உங்களுக்கு என்ன தெரியும்" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நிறுத்தினாள்; திரையில் அந்தச் சிறுமி கூசாவைச் சரித்தபடி நின்றாள். மகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னை எல்லாரும் கையேந்திற பக்கத்து ஆள் எண்டு நினைச்சவை," என்றாள் மெதுவாக. "நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஓ மை கோட், அம்மா." பிறகு நிமிர்ந்து, "இதை அன்ரியிட்ட சொல்லுவீங்களா? அவளுக்கும் சொல்ல வேணும். நீங்கள்தான் சொல்ல வேணும்," என்றாள்.

"சொல்லுறன்."

"அவற்ற பேர் என்ன?"

வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு அந்த இடத்திலேயே போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மகள் கண் காட்டினாள். அண்ணா முதலில் சிரித்தார். "அவனோ? வேலி அடைக்கிறவன். பேரோ? உனக்கென்ன விசரே, அவனுக்கு என்னத்துக்குப் பேர்? 'டேய்' எண்டா வருவான்தானே." நான் போனை வைத்துவிட்டேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குப் பிள்ளையள் இருந்தவையா?"

"ஒரு மகள் இருந்தவ. என்ர வயதுதான். சில நாள் தகப்பனோட வந்து வேலியோரம் நிப்பா."

"அவவுக்கு உங்கட பேர் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். தண்ணீர் ஊற்றச் சொல்லி அம்மா உள்ளே இருந்து என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவா.