பிள்ளையாருக்கு முன்னால் என் பைக் புஷ்

மறுநாள் காலை என் மனைவிக்குப் பாளையங்கோட்டையில் நேர்காணல். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. கணக்குக்குப் பயந்தே எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதனால் அவளைவிட எனக்குத்தான் பதற்றம். சேரன்மகாதேவியிலிருந்து பஸ் உண்டு. வழியில் நின்றுவிட்டால்? பைக்கில் கூட்டிப்போகலாம். பின் டயர் மொட்டை, வெடித்துவிட்டால்? மாற்றிவிடலாம். மாற்றக் கடைக்கு ஓட்டிப்போகும்போதே வெடித்துவிட்டால்?

ஆகவே வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி, தோளில் தூக்கிக்கொண்டு போனேன். டயர்க் கடைக்காரர் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"வண்டி எங்கன அண்ணாச்சி?"

"வீட்ல நிக்கி."

"வழக்கமா வண்டிதாம்லா ஆளச் சுமக்கும்!"

புது டயரோடு திரும்பி வந்து மாட்ட உட்கார்ந்தால் புஷ்ஷைக் காணோம். கட்டைவிரல் மாதிரி ஓர் இரும்புக் குழல். அது இல்லாமல் சக்கரம் நேராக நிற்காது. எதுவும் தொலைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தேன். நட்டு சட்டைப் பையில். ஆக்சில் கம்பி பீரோவுக்குப் பின்னால், கள்ளன் வந்தாலும் அகப்படாதபடி. புஷ்ஷை இருப்பதிலேயே பத்திரமான இடத்தில் வைத்தேன். அந்த இடம்தான் மறந்துபோயிற்று.

அரிசிப் பானைக்குள் துழாவிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"அரிசிக்குள்ள என்னத்தத் தேடுதிய?"

"புஷ்."

"அது என்னது, வண்டா?"

பதில் சொல்வதற்குள் ஊதுபத்தி வாசம் வந்தது. திரும்பினேன். பூசை அலமாரியில், பிள்ளையார் படத்துக்கு முன்னால், நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் புஷ் நின்றுகொண்டிருந்தது. வாயில் இரண்டு பத்தி.

"பத்தி ஸ்டாண்டு உடைஞ்சிட்டுன்னு எத்தனை நாளாச் சொல்லுதேன். இது அலமாரியில இருக்கவும், வாங்கி வச்சிருக்கியன்னு நினைச்சேன்" என்றாள்.

"அது வண்டிச் சாமான். எடுத்துக்கிடட்டா?"

"வேலை கிடைக்கணும்னு வேண்டி ஏத்தியிருக்கேன். அணையுற வரைக்கும் தொடப்பிடாது."

"வண்டிக்கு அதுதான் வேணும்."

"சாமிக்கும் அதுதான் வேணும்."

சாமியோடு மல்லுக்கட்ட முடியுமா? சீக்கிரம் எரியட்டும் என்று பத்தியை ஊதினேன். "எச்சி படப்போவுது, தள்ளி நில்லுங்க!" என்று விரட்டினாள்.

பத்தி அணைந்ததும் மாட்டினேன். குங்குமத்தைத் துடைத்தால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம், துடைக்காவிட்டால் பேரிங் போய்விடுமோ என்று ஒரு பயம். பாதி துடைத்தேன்.

காலையில் பட்டுச்சேலை சரசரக்க வண்டியைச் சுற்றி வந்தாள்.

"எல்லாத்தையும் மாட்டிட்டியளா?"

"மாட்டிட்டேன்."

"மிச்சம் ஏதும் இருக்கா?"

பொய் வரவில்லை. "ஒரு வாஷர்."

அவள் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். நான் அவசர அவசரமாக வாஷரைப் போட்டு முறுக்கிவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே பாளையங்கோட்டை வரை ஓட்டிக்கொண்டு போனேன். பஸ் எங்கும் பழுதாகி நிற்கவில்லை. சக்கரமும் கழன்று ஓடவில்லை. நான் பட்ட கவலையெல்லாம் வீண்.

நேர்காணல் முடிந்து வெளியே வரும்போதே அவள் முகம் சொல்லிவிட்டது. வேலை கிடைத்துவிட்டது. திரும்பும்போது பைக்கிலேயே ஏறிக்கொண்டாள். ஆனால் வீட்டில் வண்டியை நிறுத்திய உடனே சொன்னாள்:

"அந்தக் குழலப் பைய கழத்தித் தாங்க. சாமிக்குப் பத்தி ஏத்தணும்."

"புது ஸ்டாண்டு வாங்கியாரேன்."

"வேலை வாங்கித் தந்தது அதுல்லா?"

இந்தத் தடவை நட்டை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசித்துக்கொண்டே ஸ்பானரை எடுத்தேன்.