ரேடியோவுக்காக வாய் மூடிய பஸ்

எங்கள் தமிழ் ரேடியோ, நகரத்துச் சத்தத்தை ரெக்கோட் பண்ணி அனுப்பும்படி நேயர்களிடம் கேட்டிருக்கிறது. ஒரு நிமிடம் போதுமாம்!

எனக்கு உடனே எங்கள் ஊர் ஸ்காபரோ பஸ்தான் ஞாபகம் வந்தது. வேலைக்காகத் தூரத்து எட்மன்டன் நகருக்குப் போன அக்கா சனிக்கிழமைதோறும் இந்த ரேடியோவை ஒன்லைனில் கேட்பார். "இங்க பஸ்ஸில ஒருத்தரும் கதைக்கிறேல்லையடி" என்று ஒவ்வொரு ஃபோன் கோலிலும் சொல்வார்.

இன்று பின் சீட்டில் இரண்டு அங்கிள்மார் கிரிக்கெட் பற்றிப் பயங்கர வாக்குவாதம். ஃபோனை நீட்டினேன்.

பக்கத்தில் இருந்த அன்ரி பார்த்துவிட்டார். "என்ன பிள்ளை செய்யிறீர்?"

"ரேடியோவுக்கு பஸ் சத்தம் ரெக்கோட் பண்ணுறன், அன்ரி."

அவ்வளவுதான். எழும்பி நின்றார். "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்கோ! பிள்ளை ரேடியோவுக்கு ரெக்கோட் பண்ணுறா!"

முழு பஸ்ஸும் அமைதி. ஒரு அங்கிள் இருமலைக்கூட அடக்கினார்.

ரெக்கோடிங்கில் மிச்சம் முழுக்க வெறும் எஞ்சின் சத்தம். அழுகையே வந்தது. அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே கோல் எடுத்தார். "அந்த அன்ரி கத்தினதை நாலு தரம் கேட்டிட்டன். ஒண்டையும் வெட்டாத. இதையே அனுப்பு."

ரேடியோவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். மில்லிக்கன் ஸ்டொப்பில் இறங்கிய அந்த அன்ரியை யாருக்காவது தெரியுமா? சனிக்கிழமை ரேடியோவில் அவர் மட்டும்தான் கத்தப்போகிறார் என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.