மருமகள் பிடித்த போன்

அனோஜாவுக்குக் கைதான் எல்லாம். கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருடமாக என்னோடு பிசியோதெரபி செய்கிறாள். ஒரு முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆள் வீட்டில் பயிற்சி செய்தாரா, புளுகுகிறாரா என்று சொல்லிவிடுவாள். தூரத்து நோயாளிகளை வீடியோவில் பார்க்கும் திட்டம் வந்தபோது அவள் ஒருத்திதான் முகத்தைச் சுளித்தாள்.

“தொடாமல் என்னெண்டு அண்ணை பார்க்கிறது?”

“நீர் ஒரு பழம் பஞ்சாங்கம்” என்றேன். திட்டத்துக்கு முதலில் தலையாட்டியவன் நான். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அவளை மாற்றியது என் வாயல்ல, மரியநேசன். பூநகரிக் கரையில் இறால் பிடித்த மனிதர். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் வழங்காமல் போய்விட்டது. மனைவி சுசிலா அவரை ஓட்டோவில் ஏற்றி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஆரையாவது பிடித்துத் தூக்குவித்து எங்களிடம் வந்துசேர மத்தியானமாகிவிடும். மூன்றாம் தடவை வந்தபோது பயிற்சி செய்யத் தெம்பில்லாமல் அழுதார்.

“திரும்ப எழும்பி நிற்பனோ மிஸ்?”

“நிற்பீங்கள் ஐயா. நான் நிற்க வைப்பன்.”

அடுத்த புதனிலிருந்து அவரை வீடியோவில் பார்க்கத் தொடங்கினாள்.

அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் மருமகள் கம்சாவுடையது. அவள்தான் பிடிப்பாள். புதன் காலையில் சுசிலா கணவனுக்குச் சவரம் செய்து, துவைத்த சேட்டுப் போட்டு, கட்டிலிலிருந்து எழுப்பிக் கதிரையில் இருத்திவிடுவார். வீட்டுக்கு ஆள் வருகிற மாதிரி ஆயத்தம். போனில் பார்க்க மரியநேசன் மாப்பிள்ளை போல இருப்பார். நானும் எட்டிப் பார்த்துப் பகிடி விட்டிருக்கிறேன்.

“ஐயா நல்லா இருக்கிறீங்கள். கதிரையில இருக்கிறது நல்லது, இருந்து பழகுங்கோ” என்பாள் அனோஜா. அசையாமல் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு அழுத்தத்தில் புண் வைக்கும் என்பதால், பிறகு ஒவ்வொரு முறையும் கேட்பாள்: “பின்பக்கம் புண் ஏதும் இருக்கோ? ஒருக்கால் திருப்பிக் காட்டுங்கோ.”

“ஒண்டுமில்லை மிஸ்” என்று அவரே முந்திக்கொள்வார். அவளும் விட்டுவிடுவாள்.

மருமகளுக்கு முன்னால் எந்த மாமனார் இடுப்புச் சாரத்தை இறக்குவார்? ஆஸ்பத்திரியில் என்றால் கம்சாவை வெளியே நிற்கச் சொல்லியிருப்போம். போனைச் சுசிலாவிடம் கொடுத்துவிட்டு நீர் அங்கால போம் என்று ஒரு சொல் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு! இன்றைக்கும் நினைத்தால் என்மீதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏழாம் புதன் ஒருவரும் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடும் காய்ச்சலோடு மரியநேசனை அம்புலன்சில் கொண்டுவந்தார்கள். அனோஜா சாரத்தை விலக்கினாள். முதுகு முடிகிற இடத்தில் சதை அழுகி எலும்பு தெரிந்தது. சின்னப் புண் என்று சுசிலா மருந்து பூசிக்கொண்டிருந்திருக்கிறார். மிஸ்ஸுக்குச் சொல்லாதே என்று மனிதர் மறித்திருக்கிறார். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. ஐந்தாம் நாள் அவர் இறந்துபோனார்.

செத்தவீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். ஏசுவார்கள் என்று பயந்துதான் அனோஜா வந்தாள். ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுசிலா அவளைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிக்கொண்டார்.

“நீங்கள் சொன்னதில ஒரு குறையும் விடேல்லை மிஸ். கதிரையில இருக்கிறது நல்லது எண்டனீங்கள். கூட நேரம் இருத்தினால் கெதியா எழும்புவார் எண்டு, விடிஞ்சதிலயிருந்து பொழுதுபடுமட்டும் இருத்தி வைச்சனாங்கள். நோகுது, படுக்க விடு எண்டு அழுவார். நான்தான் விடேல்லை.”