கண்ணாடிக்காரரின் வலது கால்

ஒரு மனிதனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தாலே வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். கண்ணாடிக்காரருக்கு இரண்டு பிடித்திருந்தது. நான்கு சக்கரத்தில் ஒன்று, இரண்டு சக்கரத்தில் ஒன்று. பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பக்கத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள், ஒன்று புதிது, ஒன்று அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தது. துணி காயப்போட இடமில்லை என்று மனைவி சொன்னால், கார் மேல் போட்டுவிடாதே, பெயிண்ட் போய்விடும் என்று பதில் வரும். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சக்களத்தி ஒருத்தி என்றால் சண்டை போடலாம், மூன்று பேரோடு என்ன செய்வது என்று சக ஆசிரியைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய தம்பி இன்னும் மோசம். அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் கம்பிக் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறவன். கல்யாணம் செய்துகொள்ளாமல், கிடைத்த சம்பளத்தில் அடிபட்டுக் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஆறு வருடம் தட்டித் தட்டி ஓடவைத்தான். கூடவே ஒரு மோட்டார் சைக்கிள். பெண் பார்க்கப் போன வீட்டில், இரண்டில் ஒன்றை விற்றுவிடுவீர்களா என்று கேட்டார்களாம். காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

கார்ப் பித்தர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஒரு பொருட்டில்லை, மோட்டார் சைக்கிள் பித்தர்களுக்குக் கார் என்றால் தகர டப்பா. இரண்டையும் கட்டிக்கொண்டு மாரடிப்பவர்கள் தனி ரகம். அந்த ஊரில் அப்படி ஏழு பேர் தேறினார்கள். பல் டாக்டர், பேக்கரிக்காரர், ஒரு வக்கீல் எல்லாம் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிக்கிடந்த ஆலையின் முன்னால் உள்ள சிமெண்டு மைதானத்தில் கூடுவார்கள். வந்ததும் அவரவர் சாவியை ஒரு ஹெல்மெட்டுக்குள் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கையில் எந்தச் சாவி வருகிறதோ அந்த வண்டியைத்தான் அந்தச் சுற்றில் ஓட்ட வேண்டும். கியரைத் தப்பாகப் போட்டாலோ வண்டி அணைந்துபோனாலோ எல்லோருக்கும் டீ வாங்க வேண்டியது அவர் பொறுப்பு.

இது சின்ன விளையாட்டு இல்லை. காரில் இடது கால் கிளட்சை மிதிக்கும், வலது கால் பிரேக்கை மிதிக்கும். இப்போதைய மோட்டார் சைக்கிளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். ஆனால் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் எல்லாம் தலைகீழ். கியர் வலது காலில் இருக்கும், பிரேக் இடது காலில் இருக்கும். ஒரே காலையில் மூன்றிலும் ஏறி இறங்கினால் எவனுக்கும் கால் குழம்பும். வக்கீல் டீ வாங்கியே நொந்துபோனார். கண்ணாடிக்காரர் மட்டும் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

“மூளையக் கேட்டுக்கிட்டா கால் நடக்குது? உக்காந்த உடனே காலுக்கே தெரிஞ்சுடும், எந்த வண்டின்னு” என்பார். மைத்துனன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அவனுக்கு அவர் மாமா மட்டுமில்லை, தலைவர். மாமா கால் தப்பே பண்ணாது என்று பேக்கரிக்காரரிடம் பந்தயம் கட்டுவான். கண்ணாடிக்காரருக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

மனைவி காரில் வருவாள். மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏறியதில்லை. பயம். கல்யாணமாகி இருபத்திரண்டாம் வருடம், பள்ளி விடுமுறையில் ஒரு நாள், என்ன தோன்றியதோ, “சரி, இன்னைக்கு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க” என்றாள். கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வண்டியைத்தான் எடுத்தார். அதன் சீட்டு அகலம், அவளுக்கு வசதி. முந்தின நாள்தான் மைத்துனன் அதன் பின்பக்கத்துப் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்திருந்தான். அந்த வாரம் முழுக்கக் கடைக்கும் லென்ஸ் கம்பெனிக்கும் அவர் அலைந்தது புது வண்டியில் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கால்தான் பார்த்துக்கொள்ளுமே.

சரிவில் இறங்கும்போது கிடங்கு ஒன்றின் வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே வெளியே வந்தது. கண்ணாடிக்காரர் பலங்கொண்ட மட்டும் வலது காலை மிதித்தார். டக்கென்று கியர் மாறியது. வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் டக். முன் பிரேக்கைக் கை பிடித்தது, ஆனால் அந்தப் பழைய வண்டியில் அது பேருக்குத்தான் இருந்தது. இடது கால் நல்ல பிரேக்கின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. லாரியின் மூலைக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கியது மனைவியின் இடது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்குக் கையில் சிராய்ப்பு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்டார், என்ன ஆச்சு என்று. “பிரேக் வேலை செய்யல” என்றார் கண்ணாடிக்காரர். யோசித்துச் சொன்னதில்லை. ஓடி வந்தவன் வாயில் முதலில் வரும் வார்த்தை போல வந்துவிட்டது. பக்கத்தில் மைத்துனன் நின்றிருந்தான். அவன் முகம் வெளிறிப்போனது.

“மாமா, நேத்து நான்தானே மாட்டுனேன்” என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். இல்லடா, தப்பு என் கால்மேல என்று நாலு வார்த்தை. உள்ளே அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் கண் விழித்ததும் முதலில் தன் முகத்தைத்தான் பார்ப்பாள், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது என்று பயந்தார். பேசாமல் இருந்துவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவே இல்லை.

பத்து நாள் கழித்து மைத்துனன் வந்து, அந்தப் பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும், எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்தால்தான் தூங்குவேன் என்றான். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, கண்ணாடிக்காரர் அன்று மதியமே வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டார். தன் கண் முன்னால் நசுக்கச் சொன்னார். இதுதான் மன்னிக்க முடியாதது. முதலில் சொன்ன பொய் பதற்றத்தில் வந்தது, இது கணக்குப் போட்டுச் செய்தது. ஊர் என்ன சொன்னது? பாவம் மனுஷன், மச்சானைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் வண்டியையே அழித்துவிட்டார், தங்கமான குணம் என்றது.

டீச்சர் தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். அவன் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் கொண்டுவந்த பழங்களை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்வாள். கொஞ்ச நாளில் அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். காரை விற்றான், மோட்டார் சைக்கிளை விற்றான். பிறகு வேலையையும் விட்டான். “ஒரு போல்ட்ட முடுக்கிட்டு நாலு தடவ பாக்குறேன் மாமா. அஞ்சாவது தடவையும் சந்தேகமா இருக்கு. லிஃப்ட்ல புள்ளைங்க ஏறும்” என்றான். வணிக வளாகம் ஒன்றின் வண்டி நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். அடுத்தவர்களின் கார்கள் அவன் முன்னால் நின்று கண்ணாடியை இறக்கின. அவன் காரைப் பார்க்காமல் சீட்டை மட்டும் நீட்டினான்.

கண்ணாடிக்காரர் கடையில் உட்கார்ந்து, இதுல நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதா என்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். மனைவியைக் குளிப்பாட்டினார், செயற்கைக் காலைப் பூட்டிவிட்டார், புண்ணுக்கு மருந்து போட்டார். கார் தாழ்வான கார். அவளால் அதில் இறங்கி உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. உறை போட்டு மூடிவிட்டார். உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் குடுத்துவச்சிருக்கணும் என்று அவள் சொல்லும்போதெல்லாம் உயிரோடு இருப்பது எதற்கு என்று அவருக்கு இருக்கும்.

இப்படி இரண்டு வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை மைத்துனன் கடைக்கு வந்தான். நாட்டின் மறுகோடியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறதாம். வியாழக்கிழமை ரயில்.

“திரும்பி வர்றதா இல்ல மாமா. அக்கா இருக்குற ஊர்ல என்னால நடமாட முடியல” என்றான்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதனே இல்லை என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ள வேண்டும், தான் என்ன ஆனாலும் சரி. கடைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். புது வண்டியில் அலைந்த வாரம், வலது கால், இரண்டு தடவை டக். சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

மைத்துனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “ஏன் மாமா இப்படி?”

“நெஜமாடா. சத்தியமா.”

“பதினோரு வருஷம் உங்க கால நான் பாத்திருக்கேன். வக்கீல் பண்ணுவாரு, நான் பண்ணுவேன். நீங்க பண்ண மாட்டீங்க.”

“பண்ணேன்டா. அன்னைக்கி பண்ணேன்.”

“பிரேக் கம்பில நட்டு கழலாம இருக்க ஒரு பின் போடணும். அத நான் போடல மாமா. மொதல்ல சந்தேகமா இருந்துச்சு. இப்ப நல்லா ஞாபகம் வந்துருச்சு. பின் கீழ தரையில கெடந்தது, எடுக்கணும்னு நெனச்சேன், போன் வந்துச்சு, மறந்துட்டேன்.”

அப்படி எந்தப் பின்னும் கீழே கிடக்கவில்லை. அன்று மனைவியோடு கிளம்பும் முன் வண்டியைத் துடைத்தபோது பின் அதன் இடத்தில் இருந்ததைக் கண்ணாடிக்காரர் கண்ணால் பார்த்திருந்தார். காட்டலாம் என்றால் வண்டி இல்லை. நசுக்கச் சொன்னவரே அவர்தான். இரண்டு வருடத் தனிமையில் அவன் தனக்குத் தானே ஒரு குற்றத்தைச் செய்து முடித்திருந்தான்.

“ஊர விட்டுப் போறவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியும். நீங்க நல்லா இருக்கணும் மாமா” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

சரி, இவன் நம்பாவிட்டால் போகட்டும், அவளிடம் சொன்னால் போதும் என்று கண்ணாடிக்காரர் உள்ளே ஓடினார். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

“அவன் கடைக்கு வந்துட்டுப் போனானே, ஜன்னல்ல பாத்தேன்” என்றாள்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. என் கால்தான்மா தப்பு பண்ணுச்சு.”

“உங்க பின்னாடி உக்காந்திருந்தது நானு. உங்க இடுப்பப் புடிச்சிருந்தேன். நீங்க மிதிச்சது என் உடம்புக்கே தெரிஞ்சுச்சு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ மிதிச்சீங்க. அப்பவும் நிக்கல.”

“அது பிரேக் இல்ல. கியர். நான் மிதிச்சது கியர!”

“கியர யாராவது அப்படி மிதிப்பாங்களா?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதுக்காக எதச் சொன்னாலும் நம்புவேனா? எனக்காக உயிரக் குடுத்து மிதிச்ச மனுஷன். உங்க வாயாலயே இப்படிச் சொல்ல வச்சுட்டானே.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கொட்டகைக்கு ஓடிப் புது வண்டியைக் காட்டி விளக்கட்டுமா என்றார், இது வலது கால், இது இடது கால் என்று தரையில் மிதித்துக் காட்டினார். அவள் பார்த்தது, மச்சானுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் படாத பாடு படும் ஒரு நல்ல மனிதனை. அழுதுகொண்டே கையை நீட்டினாள்.

“போனக் குடுங்க.”

இரண்டு வருடமாகத் தம்பிக்குப் போன் செய்யாதவள். ஏதோ ஒன்று உறைத்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் அவசரமாக எடுத்துக் கொடுத்தார். எண்ணை அவளே அழுத்தினாள், மறந்திருக்கவில்லை. மறுமுனையில் “அக்கா!” என்று அவன் கத்தியது கட்டில் வரைக்கும் கேட்டது.

“கால எடுத்த, பொறுத்துக்கிட்டேன்” என்றாள் டீச்சர். “இப்ப எங்கிட்ட ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷனப் பொய் சொல்ல வச்சிருக்க. போற எடத்துலயே இருந்துக்க. நான் செத்தாலும் உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டாங்க.”

கண்ணாடிக்காரர் போனைப் பிடுங்கினார். “மாப்ளே, அவளுக்குப் புரியல. வெச்சுடாத. நான் இன்னொரு தடவ சொல்றேன், மாப்ளே...”

“விடுங்க மாமா” என்றான் அவன். “எனக்காக இவ்வளவு தூரம் பேசுனீங்க, போதும். அக்காவுக்கு மாத்திரை நேரம். குடுத்துடுங்க.”