உன்னுது உன்னாண்டதான் கீது

2002-ஆம் வருடம், மழைக்காலம். அப்போது ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருந்தோம். எனக்கு வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. ஆனால் வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எத்தினி மாசம்மா ஆவுது?" என்று கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். மதியம் வீட்டில் தனியாகப் படுத்து வயிற்றில் கை வைத்தால், கல் மாதிரி இருக்கும். அதற்குள்ளிருந்து எதுவோ மெதுவாகத் துடிக்கும். ஹார்பரில் கப்பல் ஊதும்போதெல்லாம் அது கவனித்துக் கேட்பதுபோல எனக்குத் தோன்றும். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போகும்.

ஸ்கேனில் தெரிந்தது. கர்ப்பப்பை முழுக்க நார்க்கட்டிகள். பெரிய கட்டி ரத்தக்குழாய்மேல் உட்கார்ந்திருப்பதால் என் சொந்த நாடித்துடிப்புதான் கைக்குத் தெரிகிறதாம். முதலில் பார்த்த டாக்டர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார். மாதாமாதம் போகும் ரத்தத்தில் நான் வெளுத்துப்போயிருந்தேன். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

என் மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருத்தரிடம் கேட்காமல் எதையும் எடுக்கக்கூடாது என்று, சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் பார்த்த லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த டாக்டர் ஸ்கேனை நெடுநேரம் பார்த்தார். கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்து வைக்கலாம், பிற்பாடு குழந்தைக்கும் வாய்ப்பு உண்டு என்றார். ஆனால் ரத்தம் அதிகமாகப் போகும். நிற்காவிட்டால் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும். அதற்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். கிரேன் ஓட்டுகிற என் கணவர் கையெழுத்துப் போட்டார். "எனக்கு நீ இருந்தா போதும்" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்தே மழை. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். ஆனால் விழிப்பாக இருந்தேன். கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணி. வலி இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி, எனக்குள் இழுப்பதும் தள்ளுவதும் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு கட்டியாக ஸ்டீல் தட்டில் விழும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் நான் தடவிப் பார்த்துப் பயந்தது அதுதான்.

திடீரென்று பேச்சு மாறியது. ஆயாவை வெளியே ரத்தம் வாங்கிவர அனுப்பினார்கள். "எடுத்துடலாமா மேடம்?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. டாக்டர் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் ஓடவில்லை. கும்மிருட்டில், பேட்டரியில் ஓடிய தலைமாட்டு மெஷினின் 'பீப்' மட்டும் கேட்டது. அப்போது என் வலது கன்னத்தில் ஒரு கை வந்து படிந்தது. சொரசொரப்பான, குளிர்ந்த கை. காதோரமாக ஒரு பொம்பளைக் குரல்: "இன்னாத்துக்கு கண்ணு பயந்துகினு கீற? உன்னுது உன்னாண்டதான் கீது."

விளக்கு வந்தது. "ரத்தம் குறையுது. எடுக்க வேணாம், தையல் போடலாம்" என்றார் டாக்டர். நான் வலது பக்கம் திரும்பினேன். சுவரை ஒட்டி மெஷின் நின்றது. ஒரு ஆள் நிற்க அங்கே இடமே இல்லை.

வார்டுக்கு வந்தபின், அந்தம்மா யார் என்று டாக்டரிடம் விசாரித்தேன். அவர், இருட்டில் கர்ப்பப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி தான் நின்றதாகவும், மற்றவர்களும் அசையவில்லை என்றும் சொன்னார். "அந்த நேரத்துல நாங்க யாருமே பேசலம்மா." ஆயா என் கணவரோடு ரத்த வங்கியில் இருந்திருக்கிறார். நர்ஸுகள் இருவரும் மலையாளிகள், மெட்ராஸ் பாஷை வராது. தலைமாட்டில் நின்ற மயக்க டாக்டரோ ஆண். ஊசி மருந்தில் சிலருக்கு இப்படிக் கேட்கும் என்று டாக்டர் விளக்கினார். இருக்கலாம். மாமியார் மட்டும் எழுந்து போய் வார்டுச் சுவரிலிருந்த மாதா படத்துக்கு முன்னால் நின்றார்.

இரண்டு வருஷம் கழித்து, சிசேரியனில் எனக்குப் பெண் பிறந்தாள். தையல் போட்ட கர்ப்பப்பை தாங்குமா என்று பத்து மாதமும் பயந்துகொண்டேதான் சுமந்தேன்.

அந்தக் கை யாருடையது என்று விசாரிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். இப்போது எங்கள் தெருவில் எந்தப் பெண்ணாவது கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தால், அவளை இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போய்க் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். சிலருக்கு எடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது; ஆனால் வேறு வழி உண்டா என்று கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்த அந்த முதல் நாளை நினைத்தால்தான், இருட்டில் கேட்ட அந்தக் குரலைவிட எனக்கு இன்றைக்கும் அதிகமாக உடம்பு நடுங்குகிறது.