பதிமூன்று கோட்டை நெல்லும் ஒரு டிரெய்லரும்

நேற்று கொட்டாரம் சந்திப்பில் ஒரு டிராக்டர் நின்றது. பின்னால் டிரெய்லர் நிறைய ஈர நெல். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், வாங்கப் போன வெற்றிலையை மறந்து வெறுங்கையோடு வீடு திரும்பினேன். ஏன் மறந்தாய் என்று ஏச வீட்டில் ஆளில்லை; அதுவும் ஒரு சௌகரியம்தான்.

நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்களாக இருந்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு நெல் வியாபாரியிடம் லாரி டிரைவர். படுக்கை லாரி ஷெட்டில், சாப்பாடு ஓட்டலில். தாய் தகப்பன் இல்லாதவனுக்கு இது போதும் என்று ஊர் நினைத்தது; நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன். லாரி, யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப்போட்டது. அதே மாதிரி கழித்துப்போட்ட டிரெய்லர் ஒன்றையும் முதலாளி ஒரு நாள் வாங்கிக்கொண்டு வந்து, "இதையும் கட்டினா லோடு கூட வரும். வண்டி தாங்குமா வே?" என்றார்.

இழுப்பது பெரிய காரியமில்லை. இறக்கத்தில் அது நம்மைப் பின்னாலிருந்து தள்ளாமல் இருக்க வேண்டுமே! காலி லாரியின் எடைக்கு மேல் டிரெய்லர் லோடோடு இருக்கக்கூடாது என்று ஒரு பட்டாளத்து டிரைவர் சொல்லக் கேட்டிருந்தேன். லாரியின் எடை உள்ளே தகட்டில் இருந்தது. டிரெய்லரின் தகட்டை எவனோ பிடுங்கியிருந்தான். நானோ எட்டாம் வகுப்புக் கணக்கில் முதல் மார்க் வாங்கினவன், விடுவேனா? சமதரையில் லாரியைத் தள்ள எட்டுப் பேர் வேண்டியிருந்தது, காலி டிரெய்லருக்கு ஐந்து பேர். அப்படியானால் மூன்று ஆள் பங்குக்கு நெல் ஏற்றலாம். முதலாளி வீட்டுப் பத்தாயத்திலிருந்து இருபத்தொரு மரக்கால் அளந்து ஒரு கோட்டை நெல்லை எடுத்துத் தராசில் நிறுத்துக் கணக்குப் போட்டேன். பதிமூன்று கோட்டை என்று விடை வந்தது. கரியால் ஷெட் சுவரில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அன்றைக்கு என் பவுசைப் பார்த்திருக்க வேண்டும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக். அதை முறுக்க ஓர் ஆள் பின்னாலேயே உட்கார்ந்து வர வேண்டும். இராஜாக்கமங்கலத்துச் சுயம்பு வந்தான், என் வயதுக்காரன். அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு கயிறு. அவன் இழுத்தால் என் காதருகே சைக்கிள் மணி அடிக்கும், நான் நிறுத்த வேண்டும். காரணமில்லாமலும் இழுப்பான். இறங்கிப் போய்க் கேட்டால், "ஒண்ணுமில்ல மக்கா, நீ இருக்கியான்னு பாத்தேன்" என்பான். ஏசிக்கொண்டே திரும்புவேன். நான் இருக்கிறேனா என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. புரட்டாசியில் முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு வந்தது. மழைக்குள்ளேயே அறுத்து, களத்தில் ஈரத்தோடு மரக்காலால் அளந்து சாக்கில் கட்டினார்கள். டிரெய்லரில் பதிமூன்று கோட்டை ஏறியது. சுயம்பு ஒரு சாக்கின் முனையைத் தூக்கிப் பார்த்தான்.

"மக்கா, நெல்லு நனைஞ்சு கெடக்கு. ரெண்டு கோட்டைய இறக்கிருவமா?"

"கோட்டை கோட்டைதாம்ல. நனைஞ்சா மரக்கால் பெருசாவுமா?"

நாஞ்சில்நாட்டில் பிறந்தவனுக்கு நெல் என்றால் அளவுதான். எடை மண்டையில் ஏறாது. தராசில் நிறுத்தவனும் நானேதான். ஆனால் அன்று நிறுத்தது பத்தாயத்துக் காய்ந்த நெல் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

சானல் வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் டிரெய்லர் லாரியைத் தள்ளத் தொடங்கியது. மணி விடாமல் அடித்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் லாரி தேங்கியது, டிரெய்லர் தேங்கவில்லை. குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. சாக்குகளைப் புரட்டி அவனை எடுத்தோம். உயிர் இருந்தது. வலது கால் நசுங்கியிருந்தது; ஆஸ்பத்திரியில் முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். மழை மேல், பிரேக் மேல் பழி போட ஏதேதோ தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.  அதற்கு முன் அவனே பேசினான்.

"தூக்கினப்பவே கனம் தெரிஞ்சுது மக்கா. நீ சொன்னா செரியா இருக்கும்னு ஏறிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

பிறகு குளச்சலில் அக்காள் வீட்டோடு போய்விட்டான். டிரெய்லரை முதலாளி விற்றார். நான் தனியாக ஓட்டினேன். குளச்சலுக்கு எத்தனையோ லோடு அடித்திருக்கிறேன். அந்த வீட்டு முக்கு வந்ததும் வேகத்தைக் குறைப்பேன், நிறுத்த மாட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? ஐந்து வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் துணிந்து இறங்கிக் கதவைத் தட்டினேன். அக்காள் வந்தாள். பேரைச் சொன்னேன். சுயம்பு காய்ச்சலில் போய் ஆறு மாசமாகிறது என்றாள். என்னையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த முக்குல வண்டி மெள்ளப் போவும்லா? அப்பல்லாம், 'அக்கா, அவன்தான். இன்னைக்கு நிப்பாட்டுவான்'ன்னு சொல்லுவான்."

கோட்டையும் மரக்காலும் போய்விட்டன. இப்போது எடைமேடையில் ஏற்றினால் சீட்டு வந்துவிடுகிறது, யாரும் யாரையும் கேட்க வேண்டாம். தெருவை அகலமாக்கியபோது அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.